நிலைகளை வரைதல்: கிராஃபிக் டிசைன் மேசையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு ஆப் அல்லது கருவி உருவாகும்போது பெரும்பாலான குழுக்கள் கிராஃபிக் டிசைனிலிருந்து எடுத்துக்கொள்வது நிறம், எழுத்துரு, ஐகான், இடைவெளி. வேலை முக்கால்வாசி முடிந்தபிறகு மேலே பூசும் மெருகாக அவை வந்து சேர்கின்றன. அந்தத் துறையிடம் அதைவிடப் பெரிய சரக்கு இருக்கிறது. ஒரே கேள்விக்கு இருபது விடைகளை வேகமாகப் போட்டுப் பார்ப்பது, எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது, காரணம் சொல்லிக் கழிப்பது, வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு யோசிப்பது. கடன் வாங்க வேண்டியது இந்த வேலைமுறைகளைத்தான். வாங்கியபின் அவற்றைத் திரையின் தோற்றத்தில் செலவழிக்காமல், அமைப்பு நடந்துகொள்ளும் விதத்தில் செலவழிக்க வேண்டும்.

ஏன் அப்படியே எடுத்து ஒட்ட முடியாது? போஸ்டருக்கு ஒரே நிலை. அச்சாகி வந்தபின் பார்ப்பவர் என்ன செய்தாலும் அது மாறப்போவதில்லை. ஆப் ஒவ்வொரு தட்டலுக்கும் மாறும். பணம் அனுப்பும் ஒரு சாதாரணத் திரையை உதாரணமாக வைத்துக்கொள்வோம். பதிவு நெடுக அதுவே துணைக்கு வரும். அதில் குறைந்தது 7 நிலைகள் இருக்கின்றன: எதுவும் நிரப்பாதது, பாதி நிரப்பியது, அனுப்பத் தயாரானது, போய்க்கொண்டிருப்பது, போய்ச் சேர்ந்தது, தோற்றது, கடைசியாக, போனதா இல்லையா என்றே தெரியாதது. டிசைன் கோப்புகளில் வழக்கமாக இருப்பவை மூன்றாவதும் ஐந்தாவதும். சில சமயம் ஆறாவதும். கோரிக்கை சர்வருக்குப் போய், பதில் வருவதற்குள் இணைப்பு அறுந்தால் வருவது ஏழாவது நிலை. அதை யாரும் வரையாததால் "தோல்வி, மீண்டும் முயலவும்" என்ற செய்தியே அங்கேயும் வந்து நிற்கிறது. பயனர் மறுபடி தட்டுகிறார், பணம் இரண்டு முறை போகிறது. ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு தனி அடையாள எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் பழைய பதிலையே திருப்பித் தருவது புரோகிராமர் பக்கத்துத் தீர்வு. கட்டாயம் வேண்டிய தீர்வு. ஆனால் அந்த நிலையைப் பயனரிடம் எப்படிச் சொல்வது என்ற கேள்வி அதனால் தீராது. அது டிசைன் வேலை.

தம்நெயில்: ஒரு கட்டம் போதாது, நான்கு வேண்டும்

கிராஃபிக் டிசைனர் கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் கட்டைவிரல் நகமளவு படங்களாக இருபது முப்பது போட்டுப் பார்ப்பார். சிறிதாக இருப்பதால் விவரம் நுழையாது. விவரம் நுழையாததால் யோசனை மட்டும் நிற்கும். பயனர் செய்வதற்கேற்ப மாறும் ஊடாடும் அமைப்புக்கு இதில் ஒரு திருத்தம் தேவை. ஒரு யோசனைக்கு ஒரு கட்டம் என்பதை விட்டுவிட்டு, நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு பட்டையாக வரையுங்கள்: முன், செய்யும்போது, காத்திருக்கும்போது, பின்.

ஏ4 தாளைப் படுக்கவாட்டில் வைத்து மூன்று முறை மடித்தால் 8 கட்டங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் சுமார் 74 மி.மீ. அகலம், 105 மி.மீ. உயரம். மேலே நான்கு, கீழே நான்கு, ஆக ஒரு தாளில் இரண்டு பட்டைகள். பேனா 0.8 மி.மீ. அல்லது அதைவிடத் தடிமன். மெல்லிய பேனா கையில் இருந்தால் எழுத்தையும் ஐகானையும் வரையத் தொடங்கிவிடுவோம். ஒரு பட்டைக்கு மூன்று நிமிடம். பத்துத் தாளில் இருபது பட்டைகள், ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை.

முக்கியமான இடம் கட்டங்களுக்கு நடுவில் இருக்கும் கோடு. அந்தக் கோட்டின் மேற்புறம் பயனர் செய்ததை இரண்டு மூன்று சொற்களில் எழுதுங்கள். கீழ்ப்புறம் அமைப்பு செய்ததை எழுதுங்கள். கீழ்ப்புறம் எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே அமைப்பு பதில் பேசவில்லை என்று பொருள். "தொட்டேன், ஒன்றும் நடக்கவில்லை" என்று பின்னால் வரப்போகும் புகார் இந்தக் கட்டத்திலேயே கண்ணில் பட்டுவிடும்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, இருபது பட்டையும் ஒரே யோசனையாக இருப்பது. பொத்தான் மேலே, பொத்தான் கீழே, பொத்தான் வட்டமாக என்று இடம்தான் மாறியிருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: கட்டங்களைத் தாளால் மறைத்துவிட்டு, நடுக்கோடுகளில் எழுதியதை மட்டும் வாசியுங்கள். இரண்டு பட்டைகள் ஒரே மாதிரி ஒலித்தால் அவை ஒன்றுதான், ஒன்றைக் கழித்துவிடலாம். ஐந்து பட்டைகளுக்கு ஒருமுறை, செயலைத் தொடங்குவது யார் என்பதை மாற்றிப் போட்டாலும் தேக்கம் உடையும். பணம் அனுப்புபவர் தொடங்காமல் பெறுபவர் கேட்டுத் தொடங்கினால்? குறித்த நாளில் அமைப்பே தொடங்கினால்?

பெட்டி

மனத்தில் தோன்றியதை வரைவதற்கு ஒரு எல்லை உண்டு. பழக்கப்பட்ட விடைகளே திரும்பத் திரும்ப வரும். அதை உடைக்க ஒரு நல்ல கருவி வானியலிலிருந்து வந்தது. ஃபிரிட்ஸ் ஸ்விக்கி என்ற சுவிஸ் வானியலாளர் ஒரு சிக்கலை அதன் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கூறுக்கும் சாத்தியமான மதிப்புகளை வரிசையாக எழுதி, எல்லாச் சேர்க்கைகளையும் பரிசீலிக்கும் பெட்டி முறையைக் கையாண்டார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்து டிசைனர் கார்ல் கெர்ஸ்ட்னர் அதை எழுத்துச் சின்னங்கள் உருவாக்கப் பயன்படுத்தி, 1964இல் நூலாகவும் எழுதினார். ஒரு சின்னத்தை வரைவதற்குப் பதிலாகச் சின்னங்களைத் தரும் விதியை வரை என்பது அவர் வழி. ஊடாடும் அமைப்புகளுக்கு இதைவிடப் பொருத்தமான கடன் எனக்குத் தெரியாது, ஏனென்றால் அமைப்பு என்பதே விதிகளின் தொகுப்பு.

நம் உதாரணத்தில் "அனுப்பு" என்ற ஒரு கணத்துக்கு மட்டும் பெட்டி போடுவோம். முதல் வரிசை, உறுதிசெய்யும் செய்கை: தட்டல், அழுத்திப் பிடித்தல், இழுத்தல், ரகசிய எண் இடுதல். இரண்டாவது, திரும்பப் பெறும் வாய்ப்பு: கிடையாது, அனுப்பும் முன் மட்டும், அனுப்பிய பின் சில நொடிகள். மூன்றாவது, முடிவு தெரியும் இடம்: அதே பொத்தானில், அதே திரையின் மேற்பகுதியில், புதிய திரையில். நான்காவது, காத்திருக்கும்போது பயனரால் என்ன முடியும்: எதுவும் முடியாது, பார்க்க மட்டும் முடியும், வேறு வேலைக்குப் போகலாம். ஐந்தாவது, முடிவை அறிவிக்கும் வழி: பார்வை, ஒலி, அதிர்வு. 4 × 3 × 3 × 3 × 3 = 324 சேர்க்கைகள்.

324ஐயும் வரைய வேண்டியதில்லை. முதலில் ஒன்றோடொன்று முரண்படும் ஜோடிகளைத் தேடுங்கள். முடிவு "அதே பொத்தானில்" தெரியும் என்பதும் பயனர் "வேறு வேலைக்குப் போகலாம்" என்பதும் சேராது. அவர் போன இடத்தில் அந்தப் பொத்தான் இல்லை. இந்த ஒரு ஜோடியை அடித்தால் 4 × 3 × 3 = 36 சேர்க்கைகள் போய்விடும். "அனுப்பிய பின் சில நொடிகள் திரும்பப் பெறலாம்" என்பதும் "காத்திருக்கும்போது எதுவும் முடியாது" என்பதும் சேராது, இன்னொரு 36. இரண்டே முரண்களில் 252க்கு இறங்கிவிட்டோம். ஜோடியாகப் பார்ப்பதில் இதுதான் லாபம்: சேர்க்கைகளை ஒவ்வொன்றாக ஆராயாமல் கூட்டமாகக் கழிக்கலாம்.

மிச்சத்திலிருந்து எட்டைப் பகடை உருட்டி எடுங்கள். நமக்குப் பிடித்ததை எடுத்தால் பழைய பழக்கமே வரும். எட்டையும் மேலே சொன்ன நான்கு கட்டப் பட்டைகளாக வரையுங்கள். அழுத்திப் பிடித்தல், அனுப்பிய பின் சில நொடிகள், திரையின் மேற்பகுதி, வேறு வேலைக்குப் போகலாம், அதிர்வு என்று ஒரு சேர்க்கை விழுந்தால், பணம் அனுப்புவதும் ஒரு செய்தியை அனுப்புவது போல எடை குறைந்த காரியமாகிறது. மேற்பகுதியில் ஒரு பட்டி மட்டும் எந்தத் திரைக்குப் போனாலும் கூடவே வரும். சிறு தொகைக்கு இது சரி, பெருந்தொகைக்கு ஆகாது. அப்படியானால் தொகைக்கேற்ப உறுதிசெய்யும் செய்கை மாறலாமே என்ற அடுத்த யோசனை அங்கிருந்து பிறக்கிறது. வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இது சீக்கிரம் வராது.

பெட்டி பழுதாகும் விதங்களையும் சொல்லிவிட வேண்டும். எளிமை, நட்பு, நம்பிக்கை போன்ற குணப்பெயர்கள் உள்ளே வரக்கூடாது. கட்டத்தில் இருப்பது எதுவானாலும் அதைப் பார்த்து வரைய முடிய வேண்டும். நிறத்துக்கும் வடிவத்துக்கும் வரிசை கொடுத்தால் சேர்க்கைகள் பெருகும், நடத்தை மாறாது. இரண்டு வரிசைகள் ஒன்றையே வேறு பெயரில் சொன்னால் பெரும்பாலான சேர்க்கைகள் போலி. மூன்று மதிப்புள்ள வரிசைகள் இன்னும் இரண்டைச் சேர்த்தால் 324 என்பது 2,916 ஆகிவிடும். ஆறு வரிசைக்கு மேல் போகாதீர்கள். எல்லாவற்றையும்விட மோசமானது, தேவையான வரிசை விடுபடுவது. மேலே உள்ள பெட்டியில் "இணைப்பு அறுந்தால் முதலில் பேசுவது யார்" என்ற வரிசை இல்லை. எட்டுப் பட்டைகளில் ஒன்றில்கூட ஏழாவது நிலை வராவிட்டால், பெட்டியைத் திருத்திவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

டிரேசிங் பேப்பர்

கழித்துக் கழித்து இரண்டு பட்டைகள் நின்றபின், அதில் ஒன்றை போனின் உண்மையான அளவில் பெரிதாக்கி வரையுங்கள். முதல் நிலையைச் சாதாரணத் தாளில், மூலைகளில் கூட்டல் குறியிட்டு வரையுங்கள். அச்சகத்தில் நான்கு நிறங்களும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழுவதற்குப் போடும் அதே குறிதான். அதன்மேல் டிரேசிங் பேப்பரை வைத்து, இரண்டாம் நிலையில் மாறுவதை மட்டும் வரையுங்கள். புதிதாக வருவது சிவப்பில், மறைவது நீலத்தில், இடம் மாறுவது கறுப்பில். இப்படி ஏழு நிலைக்கும் ஏழு தாள்.

இப்போது அடுக்கை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், ஒரே பொருள் இரட்டைக் கோடாகத் தெரியும் இடங்கள் இருக்கும். காரணமின்றி நகரும் பொருள்கள் அவை. வழக்கமாகக் கிடைப்பவை இரண்டு. தொகைப் பெட்டிக்குக் கீழே பிழைச் செய்தி ஒரு வரி தோன்றியதும் பொத்தான் அந்த வரியளவு கீழே இறங்கும். விரல் ஏற்கெனவே கிளம்பிவிட்டதால் வேறெதிலோ விழும். பிழை வரிக்கான இடத்தை முதல் நிலையிலேயே காலியாக ஒதுக்கிவைத்தால் தீர்ந்தது. இரண்டாவது இன்னும் கெட்டது: "அனுப்பு" இருந்த அதே இடத்தில் அடுத்த நிலையில் "ரத்து செய்" வந்து உட்காரும். பதற்றத்தில் இரண்டு முறை தட்டுபவர், முதல் தட்டலில் அனுப்பி இரண்டாம் தட்டலில் ரத்து செய்துவிடுவார். எதிரெதிர் விளைவுள்ள இரண்டு பொத்தான்கள் அடுத்தடுத்த நிலைகளில் ஒரே இடத்தைப் பகிரக் கூடாது என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

டிசைன் மென்பொருளிலும் இதைச் செய்யலாம். அடுத்த நிலையை 30 சதவீத ஒளிபுகாத் தன்மையில் மேலே வைத்தால் போதும். ஆனாலும் தாளில் செய்வதையே விரும்புகிறேன். மாறுவதை மட்டும் கையால் வரையும்போது, தேவையில்லாத மாற்றத்தை வரையக் கை தயங்கும். மென்பொருளில் முழுத் திரையையும் நகலெடுத்துவிடுவதால் அந்தத் தயக்கம் எழுவதே இல்லை.

ஒரே பொத்தான், ஒரே விளக்கு

பாசல் நகரத்துப் பயிற்சிகளில் டிசைன் ஆசிரியர் அர்மின் ஹாஃப்மன் மாணவர்களைப் புள்ளி, கோடு, கறுப்பு, வெள்ளை என்பவற்றோடு நிறுத்திவைத்தார். நிறமும் எழுத்தும் இல்லாதபோது கறுப்பு வெள்ளை வேறுபாடும் இடமும் மட்டுமே பேச வேண்டியிருக்கும். இதற்கு ஈடான பயிற்சி நம் துறையில் இது: முழு அமைப்பையும் ஒரே பொத்தானும் ஒரே விளக்கும் கொண்டு வடிவமைத்துப் பாருங்கள். இருபது நிமிடம் போதும்.

ஒரு பொத்தானில் கிடைக்கும் செய்கைகள் மூன்று: தட்டல், இரட்டைத் தட்டல், அழுத்திப் பிடித்தல். ஒவ்வொன்றுக்கும் விலை உண்டு. இரட்டைத் தட்டலைச் சேர்த்த உடனே ஒற்றைத் தட்டல் மெதுவாகிவிடும், ஏனென்றால் இரண்டாவது தட்டல் வருமா என்று அமைப்பு காத்திருந்து பார்க்க வேண்டும். தொடுதிரை பிரவுசர்களில் நெடுங்காலம் இருந்த சுமார் 300 மில்லிநொடித் தாமதத்துக்குக் காரணம் இதுதான். இரட்டைத் தட்டலுக்குப் பெரிதாக்கும் வசதி வைத்திருந்தார்கள். அழுத்திப் பிடித்தலுக்கு அரை நொடியளவு வேண்டும். அது கண்ணுக்குத் தெரியாத செய்கை என்பதால் யாராவது சொல்லித்தர வேண்டும். விளக்கில் எரிதல், அணைதல், மெதுவாகச் சிமிட்டல், வேகமாகச் சிமிட்டல் என நான்குக்குமேல் வைத்தால் ஞாபகம் நிற்காது.

ஏழு நிலைகள், நான்கு விளக்குக் குறிகள். எதை எதோடு சேர்ப்பது? இந்த நெருக்கடிக்காகத்தான் பயிற்சி. முதல் மூன்று நிலைகளையும் "உங்கள் முறை" என்று ஒன்றாக்கலாம். போய்க்கொண்டிருப்பதையும் தெரியாததையும் ஒன்றாக்கலாமா? கூடாது: ஒன்றில் காத்திருந்தால் போதும், மற்றதில் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். பயனர் அடுத்துச் செய்ய வேண்டியது வேறுபட்டால்தான் நிலை வேறு என்ற அளவுகோல் இப்படித்தான் கைக்கு வருகிறது. பெரிய திரைக்குத் திரும்பியபிறகும் அதே அளவுகோல்தான்.

இடத்துக்குக் கிரிட், நேரத்துக்கும் கிரிட்

பக்கத்தைப் பிரிக்கும் வழிகாட்டிக் கோடுகளான கிரிட் என்றதும் சமமான பத்திகள் ஞாபகம் வரும். கெர்ஸ்ட்னர் 1962இல் "கேபிடல்" என்ற ஜெர்மன் இதழுக்குப் போட்ட கிரிட்டைப் பார்த்தால் அதன் உண்மையான பலம் புரியும். அகலம் 58 அலகுகள், பத்திகளுக்கு நடுவே 2 அலகு. இரண்டு பத்தி என்றால் ஒவ்வொன்றும் 28. மூன்று என்றால் 18. நான்கு என்றால் 13. ஐந்து என்றால் 10. ஆறு என்றால் 8. எல்லாமே முழு எண்களில், மிச்சமின்றி 58இல் அடங்குகின்றன, கூட்டிப் பாருங்கள். ஒரே விதி, ஒன்றோடொன்று முரண்படாத பல அமைப்புகள். அந்த ஒரு எண்ணைத் தேர்ந்ததிலேயே டிசைன் பாதி முடிந்துவிட்டது.

திரையில் இடத்துக்கான கிரிட் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. 8 அலகின் மடங்குகளில் இடைவெளி வையுங்கள் என்பதோடு இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். அச்சில் உள்ளடக்கம் முன்கூட்டியே தெரியும், திரையில் தெரியாது. ஆகவே ஒவ்வொரு பட்டியலையும் 0, 1, 3, 1000 உருப்படிகளோடும், ஒவ்வொரு பெயரையும் மூன்றெழுத்திலும் நாற்பதெழுத்திலும் போட்டுப் பாருங்கள். ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்ச் சொல் பெரும்பாலும் அடங்காது. மேற்சுழியும் கீழ்வளைவும் வெட்டுப்படாமலிருக்க வரி உயரம் எழுத்தளவைப்போல 1.5 மடங்காவது இருக்கட்டும்.

நேரத்துக்குக் கிரிட் போடுவோர்தான் குறைவு. அமைப்பில் இருக்கும் எல்லாக் கால அளவுகளையும் ஒரு தாளில் எழுதுங்கள்: பொத்தான் அமுங்கும் நேரம், திரை மாறும் நேரம், செய்தி மறையும் நேரம், சுழலும் வட்டம் தோன்றும் நேரம். 180, 220, 250, 275 என்று ஆளுக்கொரு எண் வைத்திருப்பார்கள். 100 மில்லிநொடியை அலகாக வைத்து இவற்றைச் சுருக்குங்கள். தொட்டதற்குப் பதில் 100க்குள். இருந்த இடத்திலேயே நடக்கும் சிறு மாற்றம் 200. முழுத் திரை மாற்றம் 300. அழுத்திப் பிடித்தல் 500. ராபர்ட் மில்லர் 1968இல் பதில் நேரங்களை ஆராய்ந்து எழுதியதிலிருந்து துறையில் புழங்கிவரும் மூன்று வரம்புகளோடு இது பொருந்தும்: 0.1 நொடிக்குள் என்றால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடிக்குள் என்றால் யோசனை அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும்.

சுழலும் வட்டத்துக்கு இரண்டு எண்கள் தேவை, ஒன்று போதாது. முதல் 300 மில்லிநொடிக்கு அதைக் காட்டாதீர்கள். அதற்குள் பதில் வந்துவிட்டால் வட்டமே வேண்டாம். காட்டத் தொடங்கினால் குறைந்தது 500 மில்லிநொடி நிறுத்துங்கள். இரண்டாவது எண் இல்லாவிட்டால் 320இல் பதில் வரும்போது வட்டம் ஒரு மின்னலாக வந்து போகும். ஏதோ பிழை என்று பயனர் நினைப்பார். 10 நொடி தாண்டினால் வட்டத்தை எடுத்துவிட்டு வாக்கியம் வர வேண்டும்: "இன்னும் முடியவில்லை. இந்தத் திரையை மூடினாலும் வேலை தொடரும்." அது உண்மையாக இருந்தால் மட்டும். திரும்பப் பெற 5 நொடி கொடுத்து மறையும் செய்தி வைத்தால், அதே வாய்ப்பு வரலாற்றுப் பட்டியலிலும் இருக்க வேண்டும். திரைவாசிப்பான் வழியாகக் கேட்பவருக்கு அந்த 5 நொடியில் செய்தியே முடிந்திருக்காது.

நிலைக்குக் குறி

பிரெஞ்சு நிலப்பட வல்லுநர் ஜாக் பெர்தன் 1967இல் கண்ணுக்குக் கிடைக்கும் மாறிகளைப் பட்டியலிட்டார்: இடம், அளவு, அடர்வு, இழை, நிறம், திசை, வடிவம். அளவும் அடர்வும் கூடுதல் குறைவைச் சொல்லும். நிறமும் வடிவமும் வேறு என்று மட்டும் சொல்லும். எது பெரிது என்று சொல்லாது. இடப்பக்கம் ஏழு நிலைகள், மேலே ஏழு மாறிகள் என்று ஒரு அட்டவணை போட்டு, எந்த நிலையில் எது மாறுகிறது என்று குறியுங்கள். எந்த இரண்டு நிலைகளை எடுத்தாலும் அவை குறைந்தது இரண்டு மாறிகளில் வேறுபட வேண்டும். அதில் ஒன்றாவது நிறமல்லாததாக இருக்க வேண்டும். சிவப்பு-பச்சை நிறக்குருடு உள்ளவருக்குச் சிவப்புப் பொத்தானும் பச்சைப் பொத்தானும் ஏறக்குறைய ஒன்றே. எல்லையும் ஐகானும் பின்னணியோடு 3:1, சாதாரண எழுத்து 4.5:1 ஒளிர்வு வேறுபாடு காட்ட வேண்டும் என்பது வலை அணுகல் வழிகாட்டியின் (WCAG) அளவு. தொடும் பரப்புக்கு 2023இல் வந்த அதன் 2.2 பதிப்பு 24 × 24 பிக்சலைக் குறைந்தபட்சமாகச் சொல்கிறது. ஆப்பிள் 44 பாயின்ட், ஆண்ட்ராய்டு 48 அலகு என்று பரிந்துரைக்கின்றன. பெரிய எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

வியன்னாவில் சமூகவியலாளர் ஓட்டோ நியூராத்தின் குழு வளர்த்த படக்குறி முறையில் ஒரு கறாரான விதி உண்டு: தொகை கூடினால் குறியைப் பெரிதாக்காதே, எண்ணிக்கையைக் கூட்டு. பரப்பளவைக் கண் சரியாக ஒப்பிடாது, எண்ணும். முன்னேற்றம் காட்டும் பட்டிக்கு இது அப்படியே பொருந்தும். பணம் போவதில் உண்மையாகவே மூன்று படிகள் இருந்தால் மூன்று புள்ளிகள் காட்டுங்கள். எவ்வளவு மிச்சம் என்று அமைப்புக்கே தெரியாதபோது சதவீதப் பட்டி காட்டினால் அது 90இல் போய் நின்றுவிடும். அதன்பின் அந்த ஆப் சொல்வது எதையும் நம்ப மாட்டார்கள். அந்தக் குழுவில் மரீ நியூராத் போன்றவர்கள் நிபுணர் தரும் தகவலுக்கும் வரைபவருக்கும் நடுவில் நின்று, எதைக் காட்டுவது, எதை விடுவது, எந்த வரிசையில் வைப்பது என்று முடிவுசெய்யும் பொறுப்பை ஏற்றிருந்தார்கள். நிலைகளின் அட்டவணைக்கும் அப்படி ஒருவர் வேண்டும். புரோகிராமரிடமும் டிசைனரிடமும் ஆளுக்கொரு பட்டியல் இருந்தால் ஏழாவது நிலை இரண்டுக்கும் நடுவில் காணாமல் போகும்.

இன்னொரு சிறு கருவி. ஹாரி பெக் 1933இல் வெளியான லண்டன் பாதாள ரயில் படத்தில் உண்மையான தூரத்தையும் வளைவையும் விட்டுவிட்டு, நிலையங்களின் வரிசையையும் இணைப்புகளையும் மட்டும் வைத்துக்கொண்டார்; கோடுகள் கிடை, செங்குத்து, 45 பாகை. உங்கள் அமைப்பையும் அப்படி வரையுங்கள். பயனரின் நோக்கம் ஒவ்வொன்றும் ஒரு தடம், நிலை ஒவ்வொன்றும் ஒரு நிலையம். திரும்பிவரத் தடமில்லாத நிலையங்கள் உடனே தெரிந்துவிடும்.

சுவர்

கிராஃபிக் டிசைனர்கள் ஒரு படத்தைத் தனியாக மதிப்பிடுவதில்லை. உடன்பிறந்த எல்லாவற்றையும் சுவரில் குத்தி, மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்ப்பார்கள். நடத்தையைச் சுவரில் குத்த முடியாது, பட்டைகளைக் குத்தலாம். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது. அடுத்து, தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும்: "இரண்டாவது கட்டத்தில் பொத்தான் மறைகிறது." நல்லது, கெட்டது என்ற சொற்கள் அதன் பிறகுதான். வரைந்தவர் விளக்கம் தரக் கூடாது; பயனர் பக்கத்தில் அவர் நின்று விளக்கப் போவதில்லை. கழிக்கும் பட்டையின் பின்புறம் கழித்த காரணத்தை ஒரு வரியில் எழுதி வையுங்கள். சோதனையில் தேர்ந்தது தோற்கும்போது, எங்கே திரும்புவது என்று அந்த வரிதான் சொல்லும்.

கண்ணை இடுக்கிப் பார்க்கும் பழைய சோதனைக்கும் இணை உண்டு. போஸ்டரை இடுக்கிய கண்ணால் பார்த்தால் எது முதலில் தெரிகிறது என்று விளங்கும். நடத்தைக்கு மூன்று விதமாக இடுக்கலாம்: ஒலியை நிறுத்திப் பார்ப்பது, திரையை மங்கலாக்கிப் பார்ப்பது, கண்ணை மூடிக்கொண்டு ஒலியையும் அதிர்வையும் மட்டும் கவனிப்பது. மூன்றிலும் வெற்றியையும் தோல்வியையும் பிரித்தறிய முடிய வேண்டும்.

டிசைனின் சாயலைக் காட்டப் படங்களைச் சேர்த்து ஒட்டும் மூட்போர்டை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நிலைத்த படங்களின் தொகுப்பு நடத்தையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பதிலாகப் பத்துப் பன்னிரண்டு இயங்கும் பொருள்களைச் சேகரியுங்கள்: லிஃப்ட் பொத்தான், பேனாவின் சொடுக்கு, பூட்டு, சுவர் சுவிட்ச். ஒவ்வொன்றிலும் என்ன செய்கிறோம், பதில் எந்த வழியில் வருகிறது, எவ்வளவு நேரத்தில், பாதியில் விட்டால் என்ன ஆகிறது என்று நான்கு வரி எழுதுங்கள். சாவியைப் பாதி திருப்பிவிட்டால் பூட்டு திறந்ததுபோல நடிக்காது என்பதுகூடக் குறித்துவைக்க வேண்டியதே.

தாளை விடும் நேரம்

மேலே சொன்ன எதுவும் தாமதத்தைச் சொல்லித்தராது. தாளில் எல்லா நிலைகளும் ஒரே வேகத்தில் மாறும். 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டிசைனர் மூரியல் கூப்பர் நடத்திய பட்டறையில் அச்சு இயந்திரமும் கம்ப்யூட்டரும் ஒரே இடத்தில் இருந்தன. வரைவதும் உருவாக்குவதும் ஒரே கையில் நடக்கட்டும் என்பதே நோக்கம். அந்த நெருக்கம் நமக்கும் வேண்டும். இரண்டு பட்டைகள் மிஞ்சியதுமே, அலங்காரம் ஏதும் செய்யாமல், சாம்பல் பெட்டிகளாகவே அவற்றைப் புரோகிராமாக எழுதிவிடுங்கள். சர்வர் வேண்டாம், பதிலுக்குப் பதிலாக ஒரு டைமர் போதும். அந்த டைமருக்கு நான்கு மதிப்புகள்: 0, 1 நொடி, 8 நொடி, பதிலே வராதது.

0இல் பார்க்க வேண்டியது, முடிவு வந்ததைப் பயனர் கவனித்தாரா என்பது. மிக வேகமான பதில் கண்ணில் படாமலே போகும். 1 நொடியில் சுழலும் வட்டம் ஒரே ஒருமுறை, மின்னாமல் வந்து போகிறதா என்று பாருங்கள். 8 நொடியில் பயனரின் விரலைப் பாருங்கள், முகத்தைப் பார்க்க வேண்டாம். எந்த நொடியில் மறுபடி தட்டுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் ஆறுதல் வாக்கியம் அதற்கு ஒரு நொடி முன்னதாக வர வேண்டும். நான்காவதில், "பணம் போயிற்றா?" என்று கேளுங்கள். "போயிற்று" என்றோ "போகவில்லை" என்றோ அவர் உறுதியாகச் சொன்னால் திரை அவருக்குத் தவறான செய்தி தந்திருக்கிறது. "தெரியவில்லை, இங்கே போய்ப் பார்த்தால் தெரியும்" என்று இடத்தைக் காட்டினால் அந்தப் பட்டையை வைத்துக்கொள்ளலாம்.